எழுத்தா, மரபா, பின்னணியா: வேதத்தை வாசிக்கும் மூன்று வழிகள்

யோவான் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிவிட்டு, நீங்களும் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்ய வேண்டும் என்கிறார். திருவிருந்தைப் பற்றிய கட்டளைக்குக் கொஞ்சமும் குறையாத தெளிவு இதில் இருக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் திருவிருந்துக்கு முன் கால் கழுவுகிறார்கள். கத்தோலிக்கர் பெரிய வியாழனன்று செய்கிறார்கள். மற்ற சபைகள் பலவற்றில், ‘தாழ்மையாக இரு என்பதுதான் இதன் பொருள்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்பவர்களும் அவர்களில் உண்டு.

அதனால் ‘அப்படியே நம்புகிறவர்கள்’, ‘வளைக்கிறவர்கள்’ என்று இரண்டு கட்சி பிரிப்பது பயனில்லை. எல்லாரும் வியாக்கியானம் செய்கிறார்கள். தனக்கு ஒத்துவராத வசனம் எதிரே வரும்போது ஒரு முறை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட முடியும்.

முதலில் எழுத்தின்படி வாசிப்பது. இதன் பெரிய பலம், யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது. சாதாரண விசுவாசி வேதத்தைத் திறந்து, போதகர் சொன்னது அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். ஆனால் எழுத்து மட்டும் போதும் என்றால் சண்டை தீர்ந்திருக்க வேண்டும். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் உட்கார்ந்து பேசினார்கள். இருவருக்கும் வேதமே இறுதி அதிகாரம். எழுதிய 15 கூறுகளில் 14-இல் ஒத்துப்போனார்கள். திருவிருந்து அப்பத்தைப் பற்றிய ‘இது என் சரீரம்’ என்ற வசனத்தில் முறிந்தது. லூத்தர் அதை உள்ளபடியே எடுத்தார், சுவிங்கிலி அடையாளமாக எடுத்தார். நடுவர் யாரும் இல்லை.

இதைவிட வேதனையான உதாரணம் அடிமைமுறை. அடிமைகளை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5-ஐ அமெரிக்காவின் தென்பகுதிப் பிரசங்கிகள் எழுத்து மாறாமல்தான் வாசித்தார்கள். ஆளைத் திருடி விற்கிறவன் சாக வேண்டும் என்று யாத்திராகமம் 21:16 சொல்வதும் எழுத்துதான். அது அவர்கள் கண்ணில் படவில்லை. அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில் 1845-இல் பிறந்த தென்னக பாப்டிஸ்ட் மாநாடு என்ற அமெரிக்க சபைப் பிரிவு, அடிமைமுறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 1995-இல்.

இரண்டாவது வழி மரபு. திருச்சபை காலங்காலமாக எப்படிப் புரிந்துகொண்டதோ அதற்கு எதிராக யாரும் தன் இஷ்டத்துக்கு விளக்கக் கூடாது என்று 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் தீர்மானித்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பிதாக்களின், அதாவது ஆதித் திருச்சபை ஆசிரியர்களின், வழியே வாசிப்பவைதான். நேற்று ஒருவருக்குத் தோன்றிய புதுமையை இன்று கோட்பாடாக்கும் ஆபத்து இங்கே குறைவு. இந்தக் கடிவாளத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் மரபு தரும் விளக்கங்களே சில நேரம் கற்பனையில் பறக்கும். நல்ல சமாரியன் கதையை அந்தப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் எப்படி வாசித்தார் தெரியுமா? அடிபட்டவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல்! கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘எனக்குப் பிறன் யார்’ என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதில் அதற்குள் காணாமல் போய்விடுகிறது. சீர்திருத்தவாதி கால்வின் இந்த வகை விளக்கத்தை ஒதுக்கியது நியாயம்தான். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், எழுதியவரின் காலத்தையும் இலக்கிய வகையையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

மூன்றாவது, பின்னணியோடு வாசிப்பது. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்று முதலில் கேட்பது. எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அந்த வரியைத் தனக்கான வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்ளாதவர் குறைவு. ஆனால் அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன கடிதம். முந்தைய வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருக்கிறது. அதாவது சீக்கிரம் ஊர் திரும்ப மாட்டீர்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன ஒருவரும் இருந்தார்: 28-ஆம் அதிகாரத்தின் அனனியா. அவரைத்தான் எரேமியா பொய்த் தீர்க்கதரிசி என்றார். வேலையும் கல்யாணமும் சீக்கிரம் கூடிவரும் என்று 29:11-ஐக் காட்டிச் சொல்லும்போது, எரேமியாவின் வசனத்தை அனனியாவின் குரலில் வாசிக்கிறோம்.

இந்த முறைக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. பிடிக்காத வசனமெல்லாம் ‘அந்தக் காலத்துக்கு’ என்று ஆகிவிடும். பெண்கள் உபதேசம்பண்ணக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 2:12 எபேசு சபையின் பிரச்சினைக்கு மட்டும் சொன்னது என்பவர்கள், ஆணென்றும் பெண்ணென்றுமில்லை என்னும் கலாத்தியர் 3:28-ஐ அப்படிச் சுருக்குவதில்லை. எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதில்லை. 2:12 எக்காலத்துக்கும் என்பார்கள். மூன்று வசனம் முன்னால் பொன்னும் முத்தும் அணியக் கூடாது என்று இருப்பதை ஏனோ வற்புறுத்துவதில்லை.

ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நின்று வாசிக்கும் விடுதலை இறையியலும் உண்டு. அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வெளியேறுவது அதற்கு மையம். அதே இஸ்ரவேலரை நடத்திப் போய் யோசுவா கானானியரை அழித்ததற்கு அதனிடம் தெம்பான பதில் இல்லை.

நான் பின்னணியில் தொடங்குவேன். அங்கே கிடைத்ததை மரபோடு உரசிப் பார்ப்பேன். எனக்கு என்ன சொல்கிறது என்ற கேள்வியைக் கடைசிக்கு வைப்பேன். யூதரல்லாத விசுவாசிகள் மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்று பேசிய அப்போஸ்தலர் 15-இன் எருசலேம் கூட்டத்திலும் ஒற்றை வழி இல்லை. பேதுரு தன் அனுபவத்தைச் சொல்கிறார், யாக்கோபு ஆமோஸை எடுத்துக்காட்டுகிறார், சபை கூடி முடிவெடுக்கிறது. அந்த முடிவில் இரத்தத்துக்கு விலகியிருங்கள், அதாவது இரத்தத்தை உண்ணாதிருங்கள், என்ற வரியும் இருக்கிறது. உங்கள் சபை நிஜத்தில் எந்த முறையில் வாசிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்த 29-ஆம் வசனத்தை இன்று என்ன செய்கிறோம் என்று அடுத்த வேதபாடத்தில் கேட்டுப் பாருங்கள்.