டேட் மாடர்ன்: எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் விஷயம்

லண்டனில் தேம்ஸ் கரையோரம், மூடிப்போன மின் நிலையக் கட்டடத்தில் 2000-இல் திறந்த நவீனக் கலை அருங்காட்சியகமான டேட் மாடர்னில் நுழைவு இலவசம். அங்கே வருடத்தில் நடக்கும் மிகப் பெரிய விஷயமும் இலவசம்தான். மின்னாக்கி இயந்திரங்கள் ஓடிய டர்பைன் ஹாலை, 155 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமுமாக, ஆண்டுக்கு ஒரு கலைஞர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அக்டோபரில் திறந்தால் மார்ச் அல்லது ஏப்ரல் வரை இருக்கும். முதலில் யூனிலீவர் பணம் போட்டது. 2015 முதல் ஹூண்டாய்.

சிக்கல் இதுதான்: நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டிப் போகிறார்கள். அதற்குள் ஹாலில் இருந்ததைக் கழற்றி அனுப்பியிருப்பார்கள். கோடையில் குடும்பங்களுக்கென்று வேறு ஏதாவது வைப்பதுண்டு. 2023-இல் கலைஞர் ரஷீத் அராயீனின் 400 வண்ணச் சட்டகக் கனசதுரங்களை வைத்து, வந்தவர்களே அடுக்கிக் கலைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். குழந்தைகளோடு போனால் அதுவே அருமையான பொழுது. பெரிய படைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால் குளிரைப் பொறுத்துக்கொண்டு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள்.

ஹாலில் அது இருக்கும் காலத்துக்குள்ளும் முன்னே போவதா, பின்னே போவதா என்பது படைப்பைப் பொறுத்தது. 2024-இல் மிரே லீ வைத்ததில், கூரையிலிருந்து தொங்கிய ஒரு டர்பைன் சுழன்று திரவத்தைச் சொட்டிக்கொண்டே இருந்தது. அதில் ஊறிய, தோல் போன்ற துணிகளைக் காயவைத்து மேலே தொங்கவிட்டுக்கொண்டே போனார்கள். திறப்பு வாரத்தில் பார்த்தவருக்குக் கிடைத்தது பாதி ஹால். மார்ச்சில் பார்த்தவருக்குத் தலைக்கு மேல் ஒரு காடு. 2021-இல் அனிக்கா யீ மிதக்கவிட்ட, ஹீலியம் நிரப்பிய உயிரி போன்ற உருவங்களோடு ஹாலின் வாசனையும் மாறிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த வாரம் போனவர்கள் ஒரே வாசனையைச் சொல்லவில்லை. அறிவிப்பில் 'வளரும்', 'மாறும்' என்று ஒரு வார்த்தை இருந்தால் அவசரப்படாமல் கடைசி மாதம் போவது லாபம். அப்படி இல்லையென்றால் சீக்கிரம் போய்விடலாம்.

எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதும் முக்கியம். தேம்ஸின் மேலுள்ள மில்லேனியம் நடைபாலத்தைக் கடந்து வருகிறவர்கள் ஆற்றுப் பக்க வாசலில் நுழைந்து, ஹாலின் நடுவே உள்ள பாலத்தின் மட்டத்தில் போய் நிற்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஏற்கெனவே கால் கீழே. கட்டடத்தைச் சுற்றி மேற்கு வாசலுக்குப் போனால் நீளமான சரிவு ஒன்று இறங்குகிறது. பல கலைஞர்கள் முதல் பார்வையை அந்தச் சரிவை நினைத்தே அமைக்கிறார்கள். 2023-இல் எல் அனட்சூய் மதுப்புட்டி மூடிகளால் கோத்த பெரும் பாய்மரம் அந்தத் திசைக்குத்தான் முகம் காட்டியது. அதற்கு அப்பால் சிதறித் தொங்கிய உருவங்கள், சரியான ஓரிடத்தில் நின்றால் ஒன்றுகூடி ஓர் உருண்டையாயின; இரண்டடி நகர்ந்தால் கலைந்தன. ஆகவே முதலில் சரிவு, பிறகு தரை, கடைசியில் பாலம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பார்வையாளர்களின் காலடியில் அமைத்த படைப்புகள் சில சங்கடத்தில் முடிந்திருக்கின்றன. 2010-இல் ஐ வெய்வெய் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டி, அதன்மேல் நடக்கவும் அனுமதித்தார். கூட்டத்தின் காலில் விதைகள் உரசிப் பீங்கான் தூசி கிளம்பியது. மூச்சுக்கு ஆபத்து என்று சில நாட்களிலேயே கயிறு கட்டிவிட்டார்கள். 2007-இல் டோரிஸ் சால்செடோ தரையின் நீளத்துக்கு, வளைந்து வளைந்து 167 மீட்டர் பிளவு ஒன்றை ஓடவிட்டபோது, எச்சரித்தும் சிலர் கால் தடுக்கி விழுந்தார்கள். காலம் முடிந்ததும் அதை நிரப்பினார்கள், ஆனால் தழும்பு போகவில்லை. சரிவில் இறங்கும்போது குனிந்து பாருங்கள்: நிறம் மாறிய ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். அறிமுகப் பலகை தேடாதீர்கள்.

மாடிகளில் நடக்கும் பெரிய கண்காட்சிகளுக்குத்தான் கட்டணம், சுமார் 20 பவுண்டு. நேரம் குறித்த சீட்டு. குறித்த நேரத்தில் உள்ளே போனால் போதும், வெளியே வரச் சொல்லி யாரும் துரத்த மாட்டார்கள். கட்டணம் செலுத்தும் பெரியவரோடு வரும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். 16 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் டேட் கலெக்டிவ் என்ற இளைஞர் திட்டத்தில் இலவசமாகப் பெயர் பதிந்துகொண்டால் 5 பவுண்டு மட்டும். இதைத் தெரியாமல் முழுத் தொகை கட்டும் மாணவர்கள் நிறைய. வருடத்தில் நாலைந்து கட்டணக் கண்காட்சி பார்க்கிற லண்டன்வாசிக்கு மட்டுமே உறுப்பினர் அட்டை கட்டுபடியாகும்.

டேட் மாடர்ன் இரண்டு கட்டடங்களில் இருக்கிறது. அவற்றுக்கு இடையே அலைவதுதான் இங்கே கால் வலிக்கக் காரணம். நான்காம் தளத்தில் ஒரு பாலம் உண்டு. அதைப் பிடித்தால் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டாம். ஒரே நாளில் டர்பைன் ஹாலும் ஒரு கட்டணக் கண்காட்சியும் போதும். அதற்கே மூன்று மணி நேரம் ஆகும். ஒலியை நம்பிய படைப்பு என்றால் சனி மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள், அந்த ஹால் எந்தச் சத்தத்தையும் விழுங்காமல் திருப்பித் தரும். வார நாளில் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விட்டால் முதல் அரை மணி நேரம் ஹால் ஏறக்குறைய உங்களுடையது.