தைவான் அதிவேக ரயில்: நல்ல பயணம், விலை உயர்ந்த கொள்முதல்

தைவானின் மேற்குக் கரையோரமாக, வடக்கே நாங்காங்கிலிருந்து தெற்கே காவ்சியுங் நகரின் சோயிங் நிலையம் வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளும் அதிவேகப் பாதை 2007 ஜனவரியில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது; நாங்காங் நிலையம் 2016இல் சேர்ந்தது. அன்று முதல் அதில் மக்களைச் சுமந்துவருவது 700டி என்ற ஒரே வகை ரயில். ரயிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருக்கை, சன்னல், நேரம் தவறாமை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த ரயிலுக்கு அது போதாது என்று நினைக்கிறேன். பயணியாக இதை மனமாரப் பாராட்டும் நான், இதை வாங்கிய முறையில் ஒரு பெரிய குறையைக் காண்கிறேன். முதல் முறை எடுத்த முடிவு, இரண்டாம் முறை ரயில் வாங்கச் சென்றபோது தைவானுக்குப் பேரம் பேச ஏறக்குறைய இடமே இல்லாமல் செய்துவிட்டது.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட ஒரு தொடரில் 989 இருக்கைகள் உள்ளன. அவற்றில் 66 மட்டும் ஆறாம் பெட்டியில் உள்ள உயர் வகுப்பைச் சேர்ந்தவை. மீதி 923 இருக்கைகளும் சாதாரண வகுப்பு. நடைபாதைக்கு ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று இருக்கைகள் அமைந்திருந்தாலும் நெருக்கடி தெரிவதில்லை, ஏனெனில் பெட்டியின் அகலம் 3.38 மீட்டர். உயரமானவர்கள்கூட முழங்கால் இடிக்காமல் அமரலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலும் பேசும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. தைபேயிலிருந்து சோயிங் வரை விரைவான வண்டிகள் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டிய நேரத்தில் சென்றுசேர்கின்றன. சாதாரண வகுப்புக் கட்டணம் 1,490 தைவான் டாலர். முன்கூட்டியே பதிவு செய்தால் 35 விழுக்காடு வரை சலுகை கிடைக்கும். அறிவிப்புகள் மாண்டரின், தைவானிய ஹொக்கியன், ஹக்கா, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் ஒலிக்கின்றன. ஒரு நாடு தன் மக்கள் வீட்டில் பேசும் மொழிகளுக்குத் தன் மிக நவீனமான ரயிலுக்குள் இடம் கொடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

குறைகளும் உண்டு. சாதாரண வகுப்பில் எல்லா இருக்கைகளுக்கும் மின்செருகி வசதி இல்லை. வார இறுதிகளிலும் பண்டிகை நாட்களிலும் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நின்றுகொண்டே பயணம் செய்ய நேரும். தைச்சுங், ஜியாயி, தைனான் ஆகிய ஊர்களின் அதிவேக நிலையங்கள் நகர மையத்திலிருந்து தள்ளியே இருக்கின்றன. தைனானில் 2011 முதல் ஓர் இணைப்பு ரயில் இருப்பதால் அங்கு சிரமம் ஓரளவு குறைந்துள்ளது. இவை எதுவும் ரயிலின் தரத்தைக் குறைத்து மதிப்பிடக் காரணமாகாது. ஆண்டுக்கு ஏழு கோடிக்கும் மேற்பட்ட பயணங்களைச் சுமக்கும் ஒரு சேவையில் கூட்டம் இருப்பதே இயல்பு.

இனி இந்த ரயில் எப்படி வாங்கப்பட்டது என்பதற்கு வருகிறேன். கட்டி, இயக்கி, பின்னர் அரசிடம் ஒப்படைக்கும் முறையில் இத்திட்டம் தனியாருக்கு விடப்பட்டபோது இரண்டு அணிகள் போட்டியிட்டன. 1997இல் முன்னிலை பெற்ற தைவான் அதிவேக ரயில் நிறுவனம், ஐரோப்பிய ரயில் தயாரிப்பு நிறுவனங்களான அல்ஸ்தோமும் சீமென்ஸும் சேர்ந்து அமைத்த யூரோட்ரெயின் கூட்டமைப்பைத் துணையாகக் கொண்டிருந்தது. தோற்ற அணியோ ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்செனை முன்வைத்திருந்தது. ஐரோப்பியர்கள் பிரான்சின் டிஜிவி அதிவேக ரயிலின் ஈரடுக்குப் பெட்டிகளையும் ஜெர்மனியின் ஐசிஇ-2 அதிவேக ரயிலின் இழுவைப் பெட்டிகளையும் இணைத்து ஒரு மாதிரி ரயிலையே உருவாக்கி, 1998இல் ஜெர்மனியில் மணிக்கு 316 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் ஜெர்மனியின் எஷெடே ஊரில் ஐசிஇ ரயில் ஒன்று விபத்துக்குள்ளாகி 101 பேர் உயிரிழந்தனர். 1999 செப்டம்பரில் தைவானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஜப்பானியத் தரப்பு தன் நிபந்தனைகளை மேம்படுத்திக்கொண்டு மீண்டும் வந்தது. 1999 டிசம்பரில், எவரோடு சேர்ந்து போட்டியில் வென்றதோ அவர்களை விட்டுவிட்டு, ஜப்பானியக் கூட்டமைப்புடன் பேச்சு நடத்தப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

இந்த மாற்றம் இலவசமாகக் கிடைக்கவில்லை. யூரோட்ரெயின் நடுவர் மன்றத்துக்குச் சென்றது, 2004இல் 6.5 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து விவகாரம் முடிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தொகையைவிட முக்கியமானது வேறொன்று. ரயில் எது என்பது மாறியபோது, பாதையின் வடிவமைப்பில் ஒரு பகுதி ஏற்கனவே ஐரோப்பிய அளவுகோல்களின்படி முடிவாகியிருந்தது. சுரங்கங்கள் ஜப்பானில் இருப்பதைவிடப் பெரியவை. ஷின்கான்செனில் சுமார் 64 சதுர மீட்டராக இருக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு இங்கே 90 சதுர மீட்டர். இரு தண்டவாளங்களிலும் இரு திசைகளிலும் வண்டி ஓட்டும் வகையில் சிக்னல் அமைய வேண்டும் என்பதும் ஐரோப்பிய வழக்கம். தண்டவாளம் பிரியும் இடங்களில் உள்ள பாயின்ட்டுகள் ஜெர்மன் வகை. சேவை தொடங்கிய காலத்தில் ஓட்டுநர்களில் பலர் பிரெஞ்சுக்காரர்களாகவும் ஜெர்மானியர்களாகவும் இருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ரயிலும் சிக்னலும் ஜப்பானுடையவை. வெவ்வேறு பொறியியல் மரபுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சோதிக்கவே கூடுதல் காலம் பிடித்தது. 2005 அக்டோபரில் திறக்கப்பட வேண்டிய பாதை 2007இல்தான் திறந்தது.

இருந்தும் 700டி நன்றாக அமைந்ததற்குக் காரணம் தைவான் கேட்டு வாங்கிய மாற்றங்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 700டி ரயிலுக்கு மூலமான 700 வரிசை ஷின்கான்சென் ஜப்பானில் 285 கிலோமீட்டர் வேகத்துக்கு உரியது. அங்கே பதினாறு பெட்டிகள், இங்கே பன்னிரண்டு. தைவானின் செங்குத்தான சரிவுகளை 300 கிலோமீட்டர் வேகத்தோடு சமாளிக்கப் பன்னிரண்டில் ஒன்பது பெட்டிகளுக்கு மோட்டார் பொருத்தப்பட்டது. சுரங்கம் அகன்றிருப்பதால் காற்றழுத்தப் பிரச்சினை குறைவு. எனவே ஜப்பானிய ரயிலின் வாத்து அலகு போன்ற நீண்ட மூக்கு இங்கே சற்றுக் குறுகியது. 2010 மார்ச்சில் தெற்கில் 6.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தைனான் அருகே ஓடிக்கொண்டிருந்த ஒரு ரயிலின் சக்கரங்கள் தடம் விலகியும் ஒருவருக்கும் காயமில்லை. பாதையோர உணர்விகள் அதிர்வை அறிந்ததும் வண்டிகளை நிறுத்தும் ஏற்பாடு அன்று தன் பயனைக் காட்டியது. ஷின்கான்செனை ஜப்பானுக்கு வெளியே முதன்முதலில் வாங்கிய நாடு தைவான் என்பதையும் நினைத்தால், ரயிலைத் தேர்ந்தெடுத்ததில் தவறு இருந்ததாக என்னால் சொல்ல முடியாது.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. முதலில் 30 தொடர்கள், 2012இல் மேலும் 4 தொடர்கள் என வாங்கியபோது, இதே பாதையில் பிற்காலத்தில் வேறு எவருடைய ரயில் ஓட முடியும் என்ற கேள்விக்குப் போதிய இடம் தரப்படவில்லை. பெட்டியின் அகலம், நடைமேடையின் உயரம், ஓட்டுநரறைக்கே கட்டளை அனுப்பும் சிக்னல் முறை என்று எல்லாமே ஷின்கான்செனுக்கு உரியவையாக நிலைபெற்றுவிட்டன. வழக்கமான ஐரோப்பிய ரயிலின் உடல் மூன்று மீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டது. அது இந்த நடைமேடையில் வந்து நின்றால் நடைமேடைக்கும் கதவுக்கும் இடையே ஆபத்தான இடைவெளி விழும். அகலமாகச் செய்து தரச் சொல்லலாம். அதற்கும் ஜப்பானியச் சிக்னலோடு பேசும் கருவி வேண்டும். சீனாவிடம் வாங்குவது அரசியல் காரணங்களால் நினைத்துப் பார்க்கவே இயலாதது. இதற்கிடையே ஜப்பானிலேயே 700 வரிசை பழையதாகி, 2020 மார்ச்சில் டோக்கியோ–ஒசாகா பாதையிலிருந்து ஓய்வு பெற்றது. அதே ரயிலை மீண்டும் செய்து தர எவரும் இல்லை.

இந்த நிலையில்தான் புதிய ரயில்களுக்கான ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. ஜப்பானின் ஹிட்டாச்சி–தோஷிபா கூட்டமைப்பு கேட்ட விலை சந்தை விலையிலிருந்து வெகுதூரம் விலகியிருப்பதாகச் சொல்லி, 2021 ஜனவரியில் தைவான் நிறுவனம் கொள்முதலை நிறுத்தியது. அந்தத் துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் மறுபடியும் நடந்த ஒப்பந்தப்புள்ளியின் முடிவில், 2023இல், அதே கூட்டமைப்பிடமே 12 தொடர்கள், அதாவது 144 பெட்டிகள், ஏறத்தாழ 12,400 கோடி யென்னுக்கு வாங்க ஒப்பந்தமாயிற்று. இவை ஜப்பானின் என்700எஸ் வகையைத் தழுவியவை. ஜப்பானில் அந்த வகையை முதலில் வாங்கிய ஜேஆர் டோக்காய் நிறுவனம், பதினாறு பெட்டிகள் கொண்ட 40 தொடர்களுக்குச் சுமார் 24,000 கோடி யென் என்று அறிவித்திருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அங்கே ஒரு பெட்டி 37.5 கோடி யென். தைவானுக்கு 86 கோடி யென்.

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்வதும் நியாயமாகாது. 640 பெட்டிகளுக்கும் 144 பெட்டிகளுக்கும் உற்பத்திச் செலவு ஒன்றல்ல; இடையில் பொருட்களின் விலை ஏறியது; தைவானின் சிக்னலுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் ஏற்ப மாற்றியமைக்கும் வடிவமைப்புச் செலவைப் பன்னிரண்டே தொடர்கள் மீது ஏற்ற வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் இருமடங்குக்கு மேலான வேறுபாடு என்னை உறுத்துகிறது. விற்பவருக்கு மாற்றுப் போட்டியாளர் எவரும் இல்லை என்று தெரிந்துவிட்டால் வாங்குபவரின் சொல்லுக்குப் பலம் குறைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானபோதே, எதிர்காலத் தேவைக்குக் கூடுதல் தொடர்களை உறுதி செய்யப்பட்ட விலையில் பெறும் உரிமையையும், சிக்னல் இடைமுக விவரங்களைப் பிற தயாரிப்பாளர்களுக்குத் தரும் உரிமையையும் எழுத்தில் பெற்றிருந்தால் இந்த நெருக்கடி வெகுவாகத் தணிந்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுவரை இரண்டு தரப்பும் தைவானின் வாசலில் காத்திருந்தன. பேரம் பேசும் பலம் முழுவதும் வாங்குபவர் கையில் இருந்த காலம் அது. அந்தக் காலத்தைத் தவறவிட்டதுதான் என் ஆதங்கம்.

இந்த ஆதங்கம் நம் நாட்டுக்கும் பொருந்துவதால் சற்றே விலகி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மும்பை–அகமதாபாத் இடையே 508 கிலோமீட்டர் பாதை ஜப்பானியக் கடனுதவியோடு அமைகிறது. அதற்கும் ஷின்கான்சென் ரயில்களே திட்டமிடப்பட்டன. 2024 அக்டோபரில் சென்னை பெரம்பூரில் உள்ள ஐசிஎஃப் தொழிற்சாலை, மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்படும் எட்டுப் பெட்டித் தொடர்கள் இரண்டை உருவாக்கித் தரும் பணியை பெங்களூருவின் பெமல் நிறுவனத்துக்கு 866.87 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. ஒரு பெட்டி 27.86 கோடி, மீதித் தொகை வடிவமைப்பு, சோதனை, கருவிகள் போன்ற ஒரு முறைச் செலவுகளுக்கானது. அந்த ரயில் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை ஓடிய பிறகே சொல்ல இயலும். ஆனாலும் வாங்குபவர் கையில் இரண்டாவது வழி ஒன்று இருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தைவானுக்கு இல்லாமல் போனது அதுவே.

தைவானுக்குச் செல்வோர் இந்த ரயிலில் கட்டாயம் பயணம் செய்ய வேண்டும் என்றே பரிந்துரைப்பேன். தைபே–சோயிங் முழுத் தூரத்துக்கும் முன்பதிவுடன் சாதாரண வகுப்பே போதுமானது. உயர் வகுப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அகலமான இருக்கையும் காப்பியும் சிற்றுண்டியும் கிடைக்கும், நேரம் மிச்சமாகாது. வெளிநாட்டவருக்கு மூன்று நாள் அனுமதிச் சீட்டு உண்டு. தெற்கு வரை போய்த் திரும்புவதாக இருந்தால் அதுவே சிக்கனம். புதிய தொடர்கள் 2027இல் சேவைக்கு வருவதாகத் திட்டம். மின் தடைபட்டாலும் சொந்த மின்கலத்தின் பலத்தில் மெல்ல நகர்ந்து பாதுகாப்பான இடத்தை அடையும் ஆற்றல் என்700எஸ் வகைக்கு உண்டு. நிலநடுக்க நாட்டில் நீண்ட சுரங்கங்களுக்குள் ஓடும் ரயிலுக்கு அது மிகத் தேவையான வசதி. அவை வந்த பிறகு நான் முதலில் கவனிக்கப்போவது, வார இறுதியில் முன்பதிவில்லாப் பெட்டியில் நிற்பவர்கள் எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள் என்பதைத்தான். கொடுத்த விலைக்குப் பயணி நேரடியாகப் பெறும் பலன் அதில்தான் தெரியும்.