பொய் ப்ரேம் போடுற டிவி: ஒரு வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பதான் ரிவ்யூ எழுதுறேன். பெட்டிய பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போறவங்கள எனக்கு புரியறதே இல்ல, ஒரு டிவியோட குணம் தெரியணும்னா அதோட ஒரு சீசனாவது குப்பை கொட்டணும். 55 இன்ச், 4கே, எல்இடி, 120 ஹெர்ட்ஸ் பேனல். கம்பெனி பேர் போடல, ஏன்னா கீழ நல்லா திட்டப் போறேன், அதுவும் இல்லாம நான் சொல்றதுல முக்காவாசி எந்த கம்பெனி டிவிக்கும் பொருந்தும்.

நான் எழுதி பொழைக்கிறவ. மேசைக்கு எதிர்த்தாப்புல டிவி. படம் அதிகம் பார்க்க மாட்டேன், கேம் ஆட மாட்டேன், எனக்கு வேண்டியது பெண்கள் பாஸ்கெட்பால் மட்டும்தான். பாதி வருஷம் டபிள்யூஎன்பிஏ (அமெரிக்காவோட பெண்கள் ப்ரொஃபஷனல் பாஸ்கெட்பால் லீக்), மீதி பாதி அமெரிக்க காலேஜ் மேட்ச், நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஒலிம்பிக்ஸ். கடையில "மேட்ச் பார்க்கணும், வேகமா ஓடுறப்ப படம் இழுக்கக் கூடாது"ன்னு சொன்னேன், அதுக்கு அந்த பையன் "சார் கிரிக்கெட்டா ஃபுட்பாலா மேடம்?"னு கேட்டான். எந்த சார்னு நான் கேட்கல. 2024 ஏப்ரல்ல சவுத் கரோலினாவும் அயோவாவும் ஆடின காலேஜ் ஃபைனல அமெரிக்காவுல 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தாங்க, அந்த வருஷ ஆம்பளைங்க ஃபைனல பார்த்தது 1 கோடியே 48 லட்சம் பேர்தான், இதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. எழுதுறவங்களுக்கு பதில் எல்லாம் படி இறங்கினப்புறம்தான் வரும்.

பழைய டிவிய தூக்கிப் போட்டதுக்கு காரணம் ஒரே ஒரு கால் விரல். 2024 ஆகஸ்ட் 11, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஃபைனல், அமெரிக்கா பிரான்ஸ். 1992 செமிஃபைனல்ல தோத்ததுக்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ்ல ஒரு மேட்ச் கூட தோக்காத டீம் அமெரிக்கா, அதை அன்னைக்கு பிரான்ஸ் கடைசி செகண்ட் வரைக்கும் தண்ணி காட்டுது. ஸ்கோர் 67-64. பஸ்ஸர் அடிக்கிற நேரத்துல பிரான்ஸோட கேபி வில்லியம்ஸ் தூக்கி விட்ட பந்து போர்டுல பட்டு உள்ள போகுது, நான் சேர்ல இருந்து எழுந்தே நின்னுட்டேன், மூணு பாயிண்ட், சமம், ஓவர்டைம்னு. பார்த்தா அமெரிக்காக்காரங்க கட்டிப் பிடிச்சு குதிக்கிறாங்க. என்னடான்னு முழிக்கிறேன். கேபியோட கால் மூணு பாயிண்ட் கோட்டு மேல இருந்திருக்கு, கோட்டுக்கு வெளிய நின்னு போட்டாத்தான் மூணு, அதனால ரெண்டு பாயிண்ட்தான், 67-66. ரீப்ளே மூணு தடவ காட்டினாங்க, என்னோட 32 இன்ச் பெட்டில ஷூவும் கோடும் ஒரே குழம்பா தெரிஞ்சுதே தவிர கால் எங்க முடியுது கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கு பிடிபடல. ஒரு தங்கமே மாறுற இடம் அது. மறுவாரம் கடைக்கு போயிட்டேன்.

புது டிவி வந்த ராத்திரி முதல் வேலையா அந்த ரீப்ளேயதான் போட்டேன். தெரிஞ்சுது. ஷூ நுனி கோட்ட தொட்டுட்டு இருக்கு, வாக்குவாதத்துக்கே இடம் இல்ல. ஒரு ஸ்டார் அப்பவே போட்டாச்சு.

அப்புறம் ஒரு டபிள்யூஎன்பிஏ மேட்ச் போட்டேன், அங்கதான் சனியன் ஆரம்பிச்சுது. டபிள்யூஎன்பிஏ பந்து பார்த்திருப்பீங்க, ஒரு பட்டை ஆரஞ்சு, ஒரு பட்டை வெளுப்பு, மாத்தி மாத்தி இருக்கும். சைஸ் 6, சுத்தளவு 28.5 இன்ச், ஆம்பளைங்க பந்தை விட ஒரு இன்ச் சின்னது. அந்த ரெண்டு கலர் இருக்கறதால பந்து எப்படி சுத்துதுன்னு கண்ணுல தெரியும், நல்ல ஷாட்டுன்னா பட்டைங்க பின்பக்கமா சீரா உருளும், கை வழுக்கின ஷாட்டுன்னா கோணலா ஆடும், ரிங்குக்கு போறதுக்கு முன்னாடியே விழுமா விழாதான்னு ஓரளவு சொல்லிடலாம். இந்த டிவில பட்டையே இல்ல! ஒரு பழுப்பு உருண்டை மிதந்து போகுது, அதை சுத்தி கொசு மொய்க்கிற மாதிரி ஒரு வளையம் வேற. ஓடுறவங்க எல்லாம் எண்ணெய் தேய்ச்ச தரையில வழுக்கிட்டு போற மாதிரி இருக்காங்க.

மோஷன் ஸ்மூத்திங். பேனல் செகண்டுக்கு 120 தடவ படம் மாத்துது, ஆனா ஸ்ட்ரீம்ல வர்றது 60 ப்ரேம், சில பழைய மேட்ச்சுல 30தான். மிச்ச ப்ரேமுக்கு இது என்ன பண்ணுதுன்னா, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு பார்த்துட்டு நடுவுல இப்படித்தான் இருந்திருக்கும்னு தானா ஒண்ணை வரைஞ்சு சொருகுது. கேமரா எடுக்காத படம் அது, நடக்காத ஒரு கணம். எனக்கு பழைய ஞாபகம் ஒண்ணு வந்துடுச்சு. ஒரு பத்திரிகைக்கு கதை குடுத்திருந்தேன், "டம்ளரை வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்", அவ்ளோதான் நான் எழுதினது. அச்சுல வந்தப்ப நடுவுல "அவள் கண்களில் நீர் திரண்டது"ன்னு ஒரு வரி உட்கார்ந்திருக்கு. ஃபோன் பண்ணி கேட்டா, "இல்ல மேடம், ஒரு ஃப்ளோவுக்காக" அப்படின்னாங்க. டிவிக்காரனும் அதே ஃப்ளோதான் குடுக்குறான். செட்டிங்ஸ், பிக்சர், அட்வான்ஸ்டு, அதுக்கும் உள்ள ஒரு மெனு, அங்க போய் ஆஃப் பண்ணினேன். பட்டை திரும்பி வந்துச்சு.

ஸ்போர்ட்ஸ் மோடுன்னு ஒண்ணு பெட்டி மேலயே பெருசா போட்டிருப்பான், அதை நம்பாதீங்க. தரை மரம் எல்லாம் ஆரஞ்சு சோடா கலர், முகமெல்லாம் ஜுரம் வந்த மாதிரி சிவப்பு. சினிமா மோடுல வெச்சு வெளிச்சத்தை கொஞ்சம் ஏத்திக்கிட்டா போதும். சவுண்டுல "கிளியர் வாய்ஸ்" ஆன்ல இருந்தா கமெண்ட்ரி மட்டும் மூக்கால பேசுற மாதிரி வரும், கூட்டத்தோட சத்தமும் ஷூ கீச்சுன்னு தேயிற சத்தமும் போயிடும். அந்த கீச்சு இல்லாம என்ன பாஸ்கெட்பால். ஆக பெட்டி மேல பெருமையா அச்சடிச்சிருக்கற எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைச்சப்புறம்தான் உள்ள இருந்த நல்ல டிவி வெளிய வந்துச்சு.

பழைய மேட்ச் பார்க்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1997 ஜூன் 21, டபிள்யூஎன்பிஏவோட முதல் மேட்ச், நியூயார்க் லிபர்ட்டி லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், அதோட க்ளிப் ஒண்ணு போட்டேன். அப்பத்திய, கிட்டத்தட்ட சதுரமான 4:3 படத்தை இது தானாவே அகலமா இழுத்துடுச்சு, ஸ்பார்க்ஸோட 6 அடி 5 அங்குல லீசா லெஸ்லி குட்டையா குண்டா பீப்பாய் மாதிரி ஓடி வந்து டங்க் பண்ண (பந்தை மேல இருந்து கையாலயே ரிங்குக்குள்ள திணிக்க) எகிறி மிஸ் பண்றாங்க. மிஸ் பண்ணினது நெசம்தான், அந்த லீக்ல முதல் டங்க் அவங்களே 2002ல போட்டாங்க, ஆனா பீப்பாய் இந்த டிவியோட கைவரிசை. ஆஸ்பெக்ட் ரேஷியோவ "ஒரிஜினல்"ல மாத்தி வெச்சுடுங்க.

இப்ப நல்லதுக்கு வர்றேன். கேமரா பந்து பின்னாடியேதான் போகும், எந்த டிவியும் அதை மாத்த முடியாது. ஆனா சின்ன டிவில பந்து வெச்சிருக்கறவங்க மட்டும்தான் முழு ஆளா தெரிவாங்க, 55 இன்ச்சுல ஃப்ரேமோட ஓரத்துல இருக்கறவங்களுக்கும் முகம் இருக்கு, கை இருக்கு. அலிஸ்ஸா தாமஸ்னு ஒரு டபிள்யூஎன்பிஏ ஆட்டக்காரிய பாருங்க. ரெண்டு தோள்லயும் லேப்ரம் (மூட்டை சுத்தி இருக்கற குருத்தெலும்பு வளையம்) கிழிஞ்சு வருஷக்கணக்கா அப்படியே ஆடுறாங்க, ஷாட்டு கூட ஒத்தைக் கையால தள்ளி விடுற மாதிரிதான் இருக்கும். ஒரு மேட்ச்ல அவங்க பந்து கையில இல்லாதப்ப என்ன பண்றாங்கன்னு மட்டும் பார்த்தேன். ஓடி வந்து ஒரு இடத்துல தூண் மாதிரி நிக்கிறாங்க, டிஃபெண்டர் வந்து இடிக்கிறா, அந்த அரை செகண்ட் கேப்புல கூட ஆடுறவங்க ஃப்ரீயா ஷாட் போடுறாங்க, கைதட்டு ஷாட் போட்டவங்களுக்கு. இதுக்கு பேர் ஸ்க்ரீன் (ஆமா, ஸ்க்ரீன்ல ஸ்க்ரீன் பார்க்கத்தான் இவ்வளவு செலவு). பாக்ஸ் ஸ்கோர்ல, அதாவது மேட்ச் முடிஞ்சு வர்ற கணக்கு அட்டவணைல, பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும், போட்ட ஸ்க்ரீனுக்கு கிடையாது. என் கதைங்கள்லயும் அப்படி நாலு வரி இருக்கும், யாரும் கோடு போட்டு ஷேர் பண்ண மாட்டாங்க, எடுத்துட்டா அடுத்த பக்கம் நிக்காது. அன்னைக்கு ராத்திரி வெட்டலாம்னு குறிச்சு வெச்சிருந்த ஒரு பத்திய வெட்டாம விட்டேன். டிவி ரிவ்யூவுல இதெல்லாம் எழுதலாமான்னு தெரியல, எழுதியாச்சு.

மன்னிக்கவே முடியாத ஒண்ணு இருக்கு. 2024 டபிள்யூஎன்பிஏ ஃபைனல்ஸ், நியூயார்க் லிபர்ட்டிக்கும் மினசோட்டா லிங்க்ஸுக்கும், ரெண்டுக்கு ரெண்டுன்னு ஆகி அஞ்சாவது மேட்ச். நான் ஒரு கட்டுரையோட மல்லுக்கட்டிக்கிட்டு டிவிய மணிக்கணக்கா மியூட்ல ஓட விட்டிருந்தேன், வெத்துப் பக்கத்தையே பார்த்துட்டு உட்கார்றதுக்கு பதிலா எதிர்ல யாராவது ஓடிட்டு இருந்தா எனக்கு எழுத வரும். அஞ்சு செகண்ட் மிச்சம் இருக்கறப்ப லிபர்ட்டியோட பிரியானா ஸ்டூவர்ட் ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டு 60-60, ஓவர்டைம். பேனாவ கீழ வெச்சு சேர திருப்பி உட்கார்றேன், படார்னு டிவி ஆஃப். நாலு மணி நேரம் ரிமோட்ட தொடலன்னா வீட்டுல ஆள் இல்லன்னு முடிவு பண்ணி அணைஞ்சுடுமாம். வார்னிங் மூலையில சின்னதா வந்திருக்கும், நான் எங்க பார்த்தேன். மறுபடி ஆன் பண்ணி, அது லோகோவ காட்டி, ஆப் திறந்து, விளம்பரம் ஓடி முடிஞ்சு வர்றதுக்குள்ள லிபர்ட்டி முன்னாடி போயிடுச்சு, 67-62. 1997ல இருந்து ஆடுற டீமுக்கு முதல் பட்டம், அவங்க ஓவர்டைம்ல முன்னாடி போன நேரத்துல நான் கறுப்பு கண்ணாடில என் மூஞ்சிய பார்த்துட்டு இருந்தேன். இந்த தானா அணையிற செட்டிங்க "பவர்"ல தேடாதீங்க, "ஜெனரல்"ல "எகோ"ங்கிற இடத்துல ஒளிச்சு வெச்சிருக்கான்.

ரிமோட்ல மியூட் பட்டன் தனியா கிடையாது, வால்யூம அமுக்கி பிடிக்கணும். ஸ்டாண்டு காலு ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருக்கறதால சின்ன மேசைல நிக்காது, அளந்துட்டு வாங்குங்க. பக்கவாட்டுல உட்கார்ந்து பார்த்தா கலர் வெளிறும், நான் நேரா உட்கார்றவ, எனக்கு பரவால்ல.

நாலு ஸ்டார் போடலாம்னுதான் எழுத ஆரம்பிச்சேன். போன வாரம் சாஃப்ட்வேர் அப்டேட் ஒண்ணு தானா ஏறியிருக்கு, நேத்து மேட்ச் போட்டா பந்துல பட்டைய காணோம். மூணு.