மாங்காய்க் கரை: ரைனோவில் விளிம்பை உள்ளே வெட்ட எந்த வழி?

ரைனோ என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கொலுசுக்கு மாங்காய் வில்லை வரைகிற ஒவ்வொரு முறையும் இந்த வேலை வந்து நிற்கும். மேடான பரப்பின் விளிம்பிலிருந்து 0.8 மி.மீ. உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். நடுவைப் பள்ளமாக்கி இனாமல் (வண்ணக் கண்ணாடிப் பூச்சு) நிரப்பினால் சுற்றிலும் ஒரே அகலத்தில் கரை நிற்க வேண்டும். கரை கோணினால் வில்லையே கோணலாகத் தெரியும்.

நான் முதலில் பழகியது மேலிருந்து பார்த்துச் செய்யும் வழி. டாப் வியூவில் விளிம்புக் கோட்டை 0.8 உள்ளே தள்ளி ஆஃப்செட் செய்து, அதை நேர்கீழாகப் பரப்பின் மேல் பதித்து (ப்ராஜெக்ட்), அந்தக் கோட்டால் வெட்டுவது (ட்ரிம்). இரண்டே நிமிட வேலை. அப்படிச் செய்த மெழுகு மாடலைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் கொடுத்தேன். நகத்தால் கரையைத் தடவிவிட்டு, "தம்பி, வயித்துப் பக்கம் ஒரு அகலம், மூக்குல ஒரு அகலமா இருக்கே" என்றார். அவர் சொன்னது சரி. 30 டிகிரி சரிவில் அந்த 0.8, பரப்பின் மேல் அளந்தால் 0.92 ஆகிவிடும். 60 டிகிரி சரிவில் இரட்டித்து 1.6 ஆகும். தட்டையான டாலருக்கு இந்த வழி போதும். கொலுசு அப்படியல்ல, காலில் கிடக்கும்போது எல்லாப் பக்கமிருந்தும் கண்ணில் படும் நகை.

இப்போது நான் நம்புவது பைப் வழியை. விளிம்பையே பாதையாகக் கொண்டு 0.8 ஆரத்தில் ஒரு குழாய் போட்டு, அந்தக் குழாயைக் கத்தியாக வைத்து ட்ரிம் செய்கிறேன். குழாய்க்குள் அகப்பட்ட பட்டை மட்டும் போய்விடும். குழாய் நேர்கோட்டுத் தூரத்தைத்தான் அளக்கிறது, பரப்பின் வளைவோடு போகும் தூரத்தை அல்ல என்று சிலர் குறை சொல்வதுண்டு. 3 மி.மீ. ஆரமுள்ள மேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 0.8-க்குப் பதில் 0.8024 வருகிறது. மெருகு போடும்போதே இதைவிட அதிகமாகத் தேய்ந்துபோகும். இதன் பெரிய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மாங்காயின் மேற்பரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பில் ஒரே குழாய் இரண்டையும் வெட்டிவிடும். இடைவெளியின் இரு ஓரமும் பழைய விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நிற்பதால், அவற்றை வளைவாக இணைக்கும் பிளெண்ட் சர்ஃபேஸ் போட்டால் சுருக்கமில்லாமல் வழுவழுப்பாக விழுகிறது.

பரப்பின் மேலேயே கோட்டை ஆஃப்செட் செய்யும் கட்டளையும் ரைனோவில் உண்டு. தூரத்தைப் பரப்போடு அளப்பதால் கணக்குப்படி அதுதான் நேர்மையானது. ஒரே ஒரு பரப்பு மட்டும் இருந்தால் நானும் அதையே எடுப்பேன். ஆனால் மாங்காயின் மூக்கு வளைவு 0.8-ஐவிடச் சிறிய ஆரத்தில் இருந்தால் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு முடிச்சு விழும், கையால்தான் நறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் குழாயும் தனக்குள்ளேயே மடிந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கின் வளைவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இரண்டுமே சரியாகிவிடும்.

ஐசோகர்வ், அதாவது பரப்பின் மேல் ஓடும் அதன் சொந்த இழைக்கோடு, வழியாகப் பிளப்பது (ஸ்பிளிட்) தனி ரகம். பரப்பின் சொந்த இழை வழியே வெட்டுவதால், ஷ்ரிங்க் (பரப்பை வெட்டிய எல்லைக்குச் சுருக்குவது) போட்டுவிட்டால் மிச்சம் ட்ரிம் இல்லாத சுத்தமான பரப்பாக நிற்கும், வடிவத்தைப் பிடித்து இழுக்கும் கண்ட்ரோல் பாயிண்டுகளும் அளவாக இருக்கும். ஆனால் அகலம் மி.மீ. கணக்கில் வராது, இழை எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் வரும். உருண்டைச் சலங்கை மணிக்கு இதைப் பயன்படுத்துகிறேன், மாங்காய்க்கு இல்லை.

எந்த வழியில் ட்ரிம் செய்தாலும் வெட்டிய பகுதி அழிவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. அன்ட்ரிம் போட்டால் திரும்பி வந்துவிடும். ஷ்ரிங்க் ட்ரிம்டு சர்ஃபேஸ் போட்டபின் வெளிப்பகுதி நிரந்தரமாகப் போய்விடும். அதனால் வெட்டுவதற்கு முன் முழுப் பரப்பின் நகலை வேறொரு லேயரில் பூட்டி வைக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் திருத்திய மாடலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்த வாரமே கரையை 1.0 ஆக்கித் தரச் சொன்னார். நகலை எடுத்து, குழாயின் ஆரத்தை மாற்றி, அன்று மதியமே கொடுத்துவிட்டேன்.