எட்டுக் கத்திரி வெயில் தாண்டிய கம்ப்யூட்டர்

இந்தக் கம்ப்யூட்டரை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கியது 2017 ஆகஸ்டில். ஜிஎஸ்டி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, கடைக்குக் கடை ஒரு விலை சொன்னார்கள். நரசிங்கபுரம் தெருவுக்கும் ரிச்சி தெருவுக்கும் நாலு முறை நடந்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருவான்மியூர் வந்து சேர்ந்தேன். ஒரு கடையில் "யாருக்கு மேடம், தம்பிக்கா?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து நானே பூட்டினேன், முதல் முறை பட்டனை அழுத்தியதும் திரையில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வந்தது, அந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இதை எழுதும்போது 2025 முடியப்போகிறது. கேபினெட் அதேதான், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை அதேதான், எல்லாப் பாகமும் மாட்டும் பலகையான மதர்போர்டு அதேதான். மற்ற எல்லாமே ஒவ்வொன்றாக மாறிவிட்டது. ஒரு பொருள் சந்தைக்கு வந்த வாரமே அதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர், எட்டு வருடம் வைத்துப் புழங்கிவிட்டு எழுதுகிறவர்கள் குறைவு, அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் மதர்போர்டில் நாளைக்கு எதையெல்லாம் கழற்றி மாட்டலாம் என்பதை. இன்றைய வேகம் அப்புறம்தான்.

அன்று எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கடைக்காரர் எடுத்து வைத்தது இன்டெல் ஐ5 7500 பிராசசர், நாலு கோர் (கணக்குப் போடும் மையம்), நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). நான் கேட்டது ஏஎம்டியின் ரைசன் 5 1600, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அந்த வருடம் ஏப்ரலில்தான் வந்திருந்தது. கேம் மட்டும் விளையாடுகிறவர்களுக்கு அன்றைக்கு இன்டெல் கொஞ்சம் முன்னால் இருந்தது உண்மைதான். ஆனால் பிராசசரை மாட்டும் ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரைக்கும் தொடருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருந்தது, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த சாக்கெட் உள்ள பி350 மதர்போர்டு எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்டெல்லின் எட்டாம் தலைமுறை வந்தது, அதற்குப் புது போர்டு வேண்டும், ஏழாம் தலைமுறைக்கு வாங்கிய போர்டில் அது ஓடாது. என் போர்டுக்கோ 2022-இல் ரைசன் 5000 வரிசைக்கான பயாஸே வந்துவிட்டது. 2017-இல் வாங்கிய ஒரு பலகையில் ஐந்து வருடம் கழித்து வந்த பிராசசரை மாட்டலாம் என்பது வீட்டுக் கம்ப்யூட்டர் உலகத்தில் பெரிய விஷயம்.

2023-இல் ரைசன் 5 5600 மாட்டினேன். இதுவும் ஆறு கோர்தான், மின்சாரமும் அதே 65 வாட் கணக்குதான், ஆனால் வேலையில் நல்ல வித்தியாசம். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற ஊர் கட்டும் கேமில் நம் ஓஎம்ஆர் சாலையை மத்திய கைலாஷிலிருந்து வரைந்து வைத்திருக்கிறேன், மூன்று வருட உழைப்பு அது. மக்கள்தொகை லட்சத்தைத் தாண்டியதும் பழைய ரைசன் 1600-இல் கடிகாரமே நகராமல் திணறும், பேருந்துகள் தயங்கித் தயங்கிப் போகும். 5600 போட்ட அன்று அதே ஊர் சீராக ஓடியது. இதே மாதிரி மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று: பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள், போர்டு நிறுவனம் இடையில் ஏதாவது பதிப்பை முதலில் போடச் சொல்லியிருந்தால் அதைத் தாவாதீர்கள், அந்த சில நிமிடம் கட்டாயம் யுபிஎஸ் இருக்கட்டும். நம்ம ஊரில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது, பயாஸ் எழுதும்போது போனால் போர்டு அப்படியே செத்துப்போகலாம்.

கிராபிக்ஸ் கார்டு கதை கொஞ்சம் பொறுமையின் கதை. முதலில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2021-இல் மாற்ற ஆசை, ஆனால் சிப் தட்டுப்பாடும், கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறவர்களும் சேர்ந்து விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். காத்திருந்தேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது, கார்டு வைத்துத் தோண்டும் வேலை அதோடு நின்றது. அந்தத் தீபாவளி கழித்து ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். அதிகபட்சம் 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர், பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாராளமாகப் போதும். என் போர்டில் கார்டு மாட்டும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 என்பதால் கொஞ்சம் வேகம் குறையும் என்று படித்திருந்தேன், 1080பி திரையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, சென்னை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வெளியூர் விமர்சனங்களில் இது வராது. அவர்கள் வெப்பத்தை அளப்பது 21, 22 டிகிரி அறையில். மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு என் அறை 34. அவர்கள் காட்டும் எண்ணோடு பன்னிரண்டைக் கூட்டிக்கொண்டு படியுங்கள், அதுதான் உங்கள் வீட்டுக் கணக்கு. பிராசசரோடு வந்த விசிறி அங்கே போதுமானது, இங்கே கத்திரி வெயிலில் விடாமல் இரையும். முப்பது டிகிரிக்குமேல் வெயில் அடிக்கும் ஊரில் நல்ல கூலருக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம் என்பேன், பெரிய ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்), மெதுவாகச் சுற்றும் 120 மிமீ விசிறி, அவ்வளவு போதும். தண்ணீர் ஓடும் கூலர் எனக்குத் தேவைப்படவில்லை. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை பிறப்பதற்கு முன்னால் மாற்றிவிடுகிறேன்.

கடற்கரை பத்து நிமிட நடை. மத்தியானம் கடற்காற்று வந்ததும் ஜன்னலைத் திறக்காமல் யாரால் இருக்க முடியும்? அந்தக் காற்றோடு உப்பும் வரும், தூசியும் ஈரமும் சேர்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். 2020 ஊரடங்கில் ஒரு நாள் கம்ப்யூட்டர் திடீரென்று எழுந்திருக்கவே இல்லை. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. ரேமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறக் கால்கள் மங்கிப்போயிருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மாட்டினேன், உயிர் வந்துவிட்டது. அதிலிருந்து வருடத்துக்கு இருமுறை இதைச் செய்கிறேன். கடலோரம் இருக்கிறவர்கள் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பத்து ரூபாய் ரப்பரை ஒருமுறை நம்பிப் பாருங்கள்.

கரண்ட் பில்லும் சொல்ல வேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும், கோடையில் ஏசியோடு சேர்ந்து எங்கள் வீடு எப்போதும் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே நிற்கும். பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து சுமார் 250 வாட். தினம் மூன்று மணி நேரம் என்றால் அறுபது நாளில் 45 யூனிட். அதே கேமை வினாடிக்கு 60 ஃபிரேமுக்குமேல் போகாதே என்று கட்டிவைத்தால் 170, 180 வாட்டிலேயே முடிகிறது, அறையும் அவ்வளவு கொதிப்பதில்லை, விசிறிச் சத்தமும் அடங்குகிறது. என் மானிட்டரே 75 ஹெர்ட்ஸ்தான், அதற்குமேல் வரையும் ஃபிரேம் எனக்கு எதற்கு?

யுபிஎஸ்தான் இந்த எட்டு வருடத்தில் என்னை அதிகம் ஏமாற்றிய பொருள். முதலில் வாங்கியது ஒரு சாதாரண 600 விஏ பெட்டி, கரண்ட் போனதும் அது கொடுக்கும் மின்சாரம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்ட அலை, என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒத்துவரவே இல்லை. பாதி நேரம் பேட்டரிக்கு மாறும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பிறகு சீரான அலை கொடுக்கும் பியூர் சைன் வேவ் யுபிஎஸ் வாங்கினேன், விலை இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் அன்றிலிருந்து ஒரு முறைகூட அணைந்ததில்லை. பேட்டரி மட்டும் இரண்டு, இரண்டரை வருடம்தான் வருகிறது. இந்த வகை பேட்டரிக்கு 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்கு உண்டு, அதனால் யுபிஎஸ்ஸைக் கம்ப்யூட்டரின் சூடான காற்று படாத மூலைக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.

மென்பொருள் பக்கம், 2022 இறுதியிலேயே விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்துவிட்டேன். ஆர்எக்ஸ் 6600-க்கு டிரைவர் தேடி இறக்க வேண்டியதே இல்லை, எல்லாம் உள்ளேயே இருக்கிறது. 2018-இல் ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டதிலிருந்து விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுவது வருடத்துக்கு வருடம் மேலாகிக்கொண்டே வருகிறது, என் ஸ்டீம் பட்டியலில் முக்கால்வாசிக்கு மேல் ஒன்றும் தொடாமலே ஓடுகிறது. ஓடாதவை பெரும்பாலும் ஆன்ட்டி சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள போட்டி விளையாட்டுகள். தம்பி வேலரன்ட் ஆடுகிறவன், அது லினக்ஸில் கிடையாது, அதற்காகவே ஒரு சின்ன எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 தனியாக இருக்கிறது. பழைய ரைசன் 1600 விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலிலேயே இல்லை, 5600 இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது தெரிந்தவர்கள் பலர் நல்ல கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று கேட்டார்கள். இணையம், கடிதம், வீடியோ, இவ்வளவுதான் வேலை என்றால் மின்ட் போட்டுக் கொடுங்கள், தாராளமாக இன்னும் சில வருடம் உழைக்கும்.

ஆனால் மின்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அப்பாவுக்காகச் செய்தது. அப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் விரல்களுக்குத் தெரிந்தது பழைய தமிழ்த் தட்டச்சுப் பலகை மட்டும்தான். தமிழ்99 நல்ல விசைப்பலகை அமைப்பு, 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றது, நான் அதில்தான் எழுதுகிறேன், அவரைப் பழகச் சொல்லிப் பார்த்தேன். "நாப்பது வருஷம் அடிச்ச கைம்மா, இனிமே அதுக்குப் புதுசா என்ன சொல்லித் தர்றது?" என்றார். மொழி மாற்றித் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டதும் தட்டச்சுப் பலகை, தமிழ்99 இரண்டும் கிடைத்தன, ஒரு சுருக்குவிசையில் அவர் பலகைக்கும் என் பலகைக்கும் மாறலாம். அவருடைய பழைய கோப்புகள் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருந்தன, யூனிகோடில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன், ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்துகிறார், கூகுளில் தேடினால் தன் எழுத்து அகப்படும் என்பதே அவருக்கு வியப்பு.

கேம்களைப் பற்றி ஒரு கருத்து மட்டும். அடையாறில் பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடிய ஆள் நான். 2022 ஏப்ரலில் அதற்கு வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் வந்தார்கள், உருமி வீரர்கள், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடர். குடியானவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் முறை கேட்டபோது ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அடுத்த வருடம் வெண்பா என்ற கேம் வந்தது, டொரோன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது, கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி ஊற்ற வேண்டும். ஒரே மாலையில் முடிந்துவிடும், கிராபிக்ஸ் கார்டே இல்லாத மடிக்கணினியிலும் ஓடும். அதை நான் ஆடவில்லை, அம்மாதான் ஆடினார், இட்லித் தட்டை அடுக்குவதில் எனக்குப் பாடம் எடுத்தார். என் கார்டால் இழுக்க முடியாத பெரிய கேம்கள் வருடத்துக்குப் பத்து வருகின்றன. இந்த இரண்டும் கொடுத்ததை அவற்றில் எதிலும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்காகச் செய்த ஒரே தானியங்கி வேலை தண்ணீர்த் தொட்டி. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரிக்குக் காத்திருந்த நாட்களில், சம்ப்பில் எவ்வளவு இருக்கிறது என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார் அப்பா. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளைப் போட்டு, தொட்டிகளில் ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை பலகையும் நீர்மட்டம் அளக்கும் ஒலியலை சென்சாரும் மாட்டினேன். திறந்த கண்ணுள்ள மலிவு சென்சார் தொட்டியின் ஈரத்தில் ஐந்து மாதத்தில் துருப்பிடித்தது, நீர்புகாத வகை வாங்கியது இன்னும் வேலை செய்கிறது. ராஸ்பெரி பையின் மெமரி கார்டு ஒருமுறை கெட்டுப்போனது, அதற்குப் பிறகு யுஎஸ்பி எஸ்எஸ்டியில் ஓடுகிறது. எதுவும் வெளியூர் சர்வரைக் கேட்டு இயங்குவதில்லை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இணையமும் செல்போன் சிக்னலும் போயிருந்தபோது, ரௌட்டருக்கான குட்டி யுபிஎஸ்ஸில் கொஞ்ச நேரம் ஓடி, மேல்தொட்டியில் முக்கால் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அந்தத் தண்ணீரில் சமாளித்தோம்.

அடுத்த செலவு எஸ்எம்பிஎஸ். எட்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, இருந்தாலும் அது வெடித்தால் கூடவே எதை இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு முன் ஒரு நாள் ரிச்சி தெரு போகிறேன், கூடவே தம்பியும் வருகிறான், அவனுக்கு முதல் கம்ப்யூட்டர் பூட்ட வேண்டுமாம். லேப்டாப் வேண்டாம்க்கா என்று அவனே சொல்லிவிட்டான்.