பார்மிஜானோவா, கிரானாவா, பெக்கொரினோவா?

மூன்றும் இத்தாலியின் கெட்டியான சீஸ் வகைகள். துருவிவிட்டால் மூன்றும் ஒரே வெளிர் தூள்தான். அதனால் தோலோடு சேர்ந்த துண்டாக வாங்குங்கள். பார்மிஜானோ ரெஜானோ என்றால் தோல் முழுக்கப் புள்ளி எழுத்தில் அதன் பெயர் ஓடும். கிரானா படானோவில் சாய்சதுரத்துக்குள் பெயர் இருக்கும். பெக்கொரினோ ரொமானோவில் ஆட்டுத்தலைக் குறி. வெறும் 'பார்மெசான்' என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அமெரிக்காவில் கிடையாது.

முதல் இரண்டும் காய்ச்சாத பசும்பாலில் செய்பவை. வேறுபாடு மாட்டுத் தீவனத்தில் தொடங்குகிறது. பார்மிஜானோவுக்குப் பால் தரும் மாடுகளுக்கு ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) தரவே கூடாது. அதிலுள்ள ஒருவகை பாக்டீரியா வித்துகள் பாலுக்குள் வந்துவிட்டால், மாதக்கணக்கில் முதிர்ந்தபின் சீஸ் உள்ளே வாயு கட்டி உப்பி வெடிக்கும். கிரானாவில் அந்தத் தீவனத்துக்கு அனுமதி உண்டு. அதனால் வித்துகளை அடக்க முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த லைசோசைம் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளைக் கட்டாயம் படிக்க வேண்டும். பார்மிஜானோவில் பால், உப்பு, ரென்னெட் (பாலைத் திரிய வைக்கும் நொதி) தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. சுமார் 40 கிலோ எடையுள்ள சக்கர வடிவச் சீஸ் ஒன்றுக்கு 550 லிட்டர் பால் போகிறது. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும்; கிரானாவுக்கு 9 மாதம் போதும். விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுவே கணக்கு.

மூன்றுமே சைவம் அல்ல. முதல் இரண்டுக்கும் கன்றின் இரைப்பையிலிருந்தும், பெக்கொரினோவுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் ரென்னெட் எடுக்கிறார்கள்.

வயதைச் சமையலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். 24 மாதப் பார்மிஜானோவை உடைத்தால் மணல்மணலாகப் பிளக்கும். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரியும், பல்லில் நறநறக்கும். பூஞ்சையோ என்று பயப்பட வேண்டாம். புரதம் சிதைந்து திரண்ட டைரோசின் படிகம் அது. இதைக் கத்தியால் சீவாமல் உடைத்து அப்படியே சாப்பிட வேண்டும். ரிசோட்டோவில் (இத்தாலியக் குழைசாதம்) கரைக்க 30 மாதச் சீஸ் வாங்குவது காசைக் கரைப்பதுதான், கிரானாவே தாராளம்.

பெக்கொரினோ ரொமானோ செம்மறியாட்டுப் பாலில் செய்வது. பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி சார்டினியாத் தீவில் தயாராகிறது. உப்பும் காரமும் தூக்கல். காச்சியோ எ பெப்பே, கார்பொனாரா என்ற பாஸ்தா வகைகள் இரண்டுக்கும் இதுதான் சரி. பார்மிஜானோ போட்டால் சப்பென்று இருக்கும். 200 கிராம் பாஸ்தாவுக்கு 100 கிராம் போதும். பாஸ்தா வேகும் நீரில் வழக்கமான உப்பில் பாதி போடுங்கள். சீஸ் ரப்பர் உருண்டையாகத் திரண்டால் சூடு அதிகம் என்று அர்த்தம். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான பாஸ்தா நீரில் சீஸைக் குழைத்து ஊற்றுங்கள்.

ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். வெண்ணெய்த்தாளில் சுற்றி டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பிடுமுன் அரைமணி நேரம் வெளியே இருக்கட்டும். துருவி வைத்தால் மணம் சீக்கிரமே போய்விடும். மிஞ்சிய பார்மிஜானோ, கிரானாத் தோலில் மெழுகு கிடையாது. மேற்புறத்தைச் சுரண்டிவிட்டு ஒரு மணி நேரம் சூப்பில் கொதிக்கவிடலாம். சில பெக்கொரினோத் தோலில் கறுப்புப் பூச்சு இருக்கும். அதைச் சூப்பில் போடாமல் வெட்டி எறிந்துவிடுங்கள்.