ரெட் லைன் வாட்டர் வெட்டர் யாருக்குத் தேவை?

ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் ரெட் லைன் வாட்டர் வெட்டர் என்ற திரவத்தை என் பழைய மாருதி எஸ்டீம் காரில் ஊற்றி ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். 355 மில்லி பாட்டில், இளஞ்சிவப்புத் திரவம். தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, சிலிண்டர் ஹெட்டின் சூடான உட்சுவரில் ஆவிக்குமிழிகள் ஒட்டிக்கொள்ளாமல் செய்கிறது. துருவையும் தடுக்கும்.

என் வண்டியின் கூலண்டில் கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) பாதி, தண்ணீர் பாதி. டெம்பரேச்சர் முள் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றது. அது சரிதான், ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கு ஏற்ப கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. வெறும் தண்ணீரில்தான் இதற்கு முழு பலன் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ரேஸ் டிராக்குகள் பலவற்றில் கிளைகாலுக்குத் தடை, சிந்தினால் தரை வழுக்கும் என்பதால். அங்கே ஓட்டுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், அருமையான பொருள்.

தினசரி வண்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். எஞ்சின் சூடேறினால் முதலில் ஃபேன், வாட்டர் பம்ப், அப்புறம் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர், இவற்றைப் பாருங்கள். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கூலண்ட் சீக்கிரமே கொதித்துவிடும். அதை எந்த பாட்டிலும் சரிசெய்யாது.